தைலம் ஊற்றிய பிரேக்

குன்னூருக்கு இறங்கும் பஸ்ஸில், தைலம் தடவியும் திறக்காத மூக்கோடு உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் இருவர்.

“தேயிலைக்கு விலையில்லீங்க. பறிக்காம உட்டுட்டு, டூரிஸ்ட்டுக்கு சைக்கிள் வாடகைக்கு உடறனுங்க. ஆயில் அழுத்தத்துல புடிக்கிற பிரேக்கு. ஆயில் தீந்துச்சு, ஊட்டுல இருந்த யூகலிப்டஸ் தைலத்தை ஊத்திட்டேன்!”

கிரீஸ் கறைக் கைக்காரர் துள்ளினார். “ஏனுங்க, உள்ள இருக்கிற ரப்பரைத் தின்னுருமுங்க! பிரேக்கே புடிக்காது! வண்டி எங்கீங்க?”

“மச்சான் ஓட்டிட்டு வர்றானுங்க.”

ஜன்னலோரம் ஒரு சைக்கிள் எங்களை முந்தியது. “மாமோவ், நிக்க மாட்டேங்குது!”

வளைவில் திரும்பாமல் நேரே தேயிலைக்குள் பாய்ந்தது. பஸ் நின்றது, எல்லோரும் எழுந்தோம். ஆள் உயரச் செடிகளுக்கு மேலே ஒரு கை ஆடியது.

“உசுரோட இருக்கான்!” என்று கூவினார் மாமா. “தோட்டத்துக்காரர் நல்ல மனுசனுங்க. என்னையாட்டவே பறிக்காம, மெத்தையாட்டம் வளர உட்டிருக்காரு!”