கோல்கீப்பரின் மோதிர விரல்

வீட்டில் ஒரு கோல்கீப்பர் இருந்தால் கண்ணாடிச் சாமான் எதுவும் வாங்கக் கூடாது. என் தம்பி தண்ணீர் குடித்த தம்ளரைக்கூட மேலே எறிந்து பிடித்துவிட்டுத்தான் கழுவப் போடுவான். கூடத்துச் சுவரில் பந்து பட்டுப் பட்டுச் சுண்ணாம்பு உதிரும். தூக்கத்திலும் "விடு, விடு, பந்து என்னுது" என்று யாரையாவது அதட்டுவான். கீழ்வீட்டுக்காரர் ஒரு நாள் மேலே ஏறி வந்து, "உங்க வீட்ல எத்தனை பேரும்மா இருக்கீங்க?" என்று கேட்டார். நாங்கள் இரண்டே பேர்தான்.

அம்மாவும் அப்பாவும் போனபோது அவன் சின்னப் பையன். நான்தான் வளர்த்தேன். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், இவன் ஆளாகட்டும் என்று தட்டிக் கழித்தேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. பதினேழு வயதில் உள்ளூர் கிளப்பின் முதல் அணிக்கு நின்றான். முதல் ஆட்டத்திலேயே ஒரு பெனால்டியைப் பாய்ந்து பிடித்தான். மறுநாள் காய்கறிக்காரர் என்னை 'கீப்பரக்கா' என்று கூப்பிட்டார்.

அதே வருடம் பயிற்சி முகாமுக்கென்று வெளியூர் போனான். அப்போதுதான் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் சத்தம் போடும் என்பதே எனக்குத் தெரிந்தது. கைப்பழக்கத்தில் இரண்டு பேருக்குச் சமைத்து, மிச்சத்தை மறுநாள் சாப்பிட்டேன். ஒரு சாயங்காலம் அவனுடைய பந்தை எடுத்துச் சுவரில் எறிந்து பார்த்தேன். அது உருண்டு வந்து என் காலடியில் நின்றது. உட்கார்ந்து அழுதேன்.

அவன் திரும்பி வந்த கொஞ்ச நாளில் பெரிய கிளப்பிலிருந்து தேர்வுக்கு அழைப்பு வந்தது. தேறினால் தூரத்தில், அவர்கள் விடுதியிலேயே தங்க வேண்டும். அதற்குள் ஓர் ஆட்டத்தில் அவனுக்கு வலது மோதிர விரல் பிசகிவிட்டது. சத்தியமாக அதற்கு நான் காரணமில்லை. நான் பிசியோதெரபிஸ்ட். விரலுக்குத் தகடு வைத்து நானே கட்டினேன். தேர்வுக்குள் சரியாகிவிடும் என்று அவனுடைய பயிற்சியாளரிடம் சொன்னதும் நான்தான்.

சொன்னபடியே ஆறியது. வேலையில் நான் கெட்டிக்காரி.

தினமும் மாலையில் கட்டை அவிழ்த்து, விரலைக் கழுவி, மூட்டை அசைத்துப் பார்ப்பேன். தேர்வு நெருங்கிய வாரத்தில் ஒரு நாள் கொஞ்சம் கூடுதலாகப் பின்பக்கம் வளைத்தேன். வீக்கம் வருமளவுக்குத்தான். அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"வலிக்குதாடா?"

"வலிக்குது. பரவாயில்ல, நீ பண்ணுக்கா. உனக்குத் தெரியாததா?"

மறுநாள் வீங்கியிருந்தது. இன்னும் ஆறவில்லை என்று சொல்லித் தகட்டை மறுபடி வைத்துக் கட்டினேன். வீக்கம் வடிந்தபோதெல்லாம் மறுபடி வளைத்தேன். நான் கையைப் பிடித்ததும் அவன் கண்ணை மூடிக்கொள்வான், சின்ன வயதில் ஊசி போடும்போது மூடியதைப் போல. அந்தக் கொஞ்ச நேரம் அவன் முழுக்க முழுக்க என்னுடையவனாக இருந்தான்.

தேர்வுக்கு அவன் போகவில்லை. அத்தோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் அடுத்த பருவத் தேர்வுக்கு வரச் சொல்லி அந்தப் பெரிய கிளப்பிலிருந்து ஆள் அனுப்பினார்கள். பெரிய டாக்டரிடம் காட்டலாம் என்று பயிற்சியாளர் சொன்னதற்கு, "எங்கக்காவ விடவா சார்?" என்று இவனே சிரித்திருக்கிறான்.

இப்போது மூட்டு இறுகிவிட்டது. விரல் மடங்குவதில்லை, பந்து கையில் நிற்பதில்லை. பயிற்சியாளர் வீட்டுக்கே வந்து, "நீங்க பக்கத்துலயே இருந்தும் எப்படிம்மா இப்படி ஆச்சு?" என்றார். அவன் உடம்பு வாகு அப்படி என்றேன். பிசகியது ஆட்டத்தில். கெடுத்தது நான்.

தம்பி இனி எங்கேயும் போக மாட்டான். கூடத்தில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். வாயைத் திறப்பதில்லை, தூக்கத்தில்கூட. அவன் பக்கத்தில் இருக்கும்போதே எனக்கு ஃப்ரிட்ஜின் சத்தம் கேட்கிறது.

பேசுவான். விரல் சரியாகட்டும். தினமும் மாலையில் நான்தானே பார்த்துக்கொள்கிறேன்.