ராணியின் ஓடை

எங்கள் ஊர்ப் பெயரைப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவர்கள் எங்கள் ஊரிலேயே குறைவு, இன்ஸ்பெக்டர். குவென்பர்ன். ரயில் நிலையத்தில் ஒரு விதம், தேவாலய மணியில் இன்னொரு விதம், கல்லறைகளில் அவரவர் இஷ்டம். வாத்தியார் வேலை பார்த்த காலமெல்லாம் அந்த எழுத்துகளின் பின்னால்தான் அலைந்தேன். பழைய ஆங்கிலத்தில் ‘க்வென்’ என்றால் ராணி. ‘பர்ன்’ என்றால் ஓடை. ஏதோ ஒரு ராணி இங்கே குதிரைக்குத் தண்ணீர் காட்டியிருக்கிறாள். நான் இதைச் சொன்ன பிறகுதான் ஊர் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தது. ஊர் எல்லையில் கிரீடம் போட்ட பெயர்ப் பலகை நடுவதென்று முடிவாயிற்று.

அந்தச் சமயத்தில்தான் வினிஃப்ரெட் ஆஸ்க்யூ குடிவந்தாள். பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்றவள். கெட்டிக்காரி, அதை நான் மறுத்ததே இல்லை. ஒருநாள் பப்பில், எல்லார் முன்னாலும், சிரித்துக்கொண்டே சொன்னாள்:

“டெஸ்மண்ட், உங்க ராணிக்கு நடுவுல ஒரு ‘ர்’ தொலைஞ்சு போச்சு. அது க்வெர்ன். மாவு அரைக்கிற திருகைக் கல்லு.”

“அப்போ பலகையில கிரீடத்த அழிச்சுட்டு மாவு மூட்டைய வரைஞ்சிடலாமா வாத்தியாரே?” என்றார் பப்காரர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பழைய மாவு மில்லுக்குப் பின்னால், ஆள் நடமாட்டமில்லாத இடத்தில், ஒரு வறண்ட கிணறு உண்டு. அதன் அடியில் திருகைக் கற்கள் கிடக்கும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. “ஏணியப் பிடிச்சுக்கிறீங்களா? நீங்களே கண்ணால பாத்துக்கலாம்,” என்று என்னைக் கூப்பிட்டாள். பிடித்துக்கொண்டேன். கீழே போய், “இருக்கு டெஸ்மண்ட், ரெண்டு கல்லு,” என்று குரல் கொடுத்தாள்.

ஏணியை மேலே இழுத்துக்கொண்டேன்.

முதலில் வேடிக்கை என்று நினைத்தாள். சாயங்காலம் ஆனதும், “ராணிதான், ராணியேதான், ஏணியப் போடுங்க,” என்று அலறினாள். பயத்தில் சொல்வதை ஆய்வில் சேர்க்க முடியாது. அதை அவளுக்கு எடுத்துச் சொன்னேன். பிறகு தினமும் போனேன். மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, என் வாதங்களை ஒவ்வொன்றாக விளக்கினேன். தண்ணீர் கேட்டாள். பாடம் நடக்கும்போது தண்ணீர் கேட்கிற பிள்ளைகளிடம் முடிந்ததும் குடிக்கலாம் என்றுதான் எப்போதும் சொல்வேன். இதற்கிடையில் ஊர் அவளைத் தேடக் கிளம்பியது. நான்தான் வழிகாட்டினேன், ஆற்றங்கரைப் பக்கமாக.

கடைசி நாள் அவள் கத்தவில்லை. “ஆமா டெஸ்மண்ட். ராணியோட ஓடைதான். நீங்க சொல்றதுதான் சரி,” என்றாள், மெதுவாக. அந்தக் குரலில் பயமே இல்லை. புரிந்துகொண்ட பிள்ளையின் குரல் ஒரு வாத்தியாருக்குத் தெரியாதா?

ஏணி பக்கத்தில்தான் கிடந்தது. ஆனால் மேலே வந்து நாலு பேரைப் பார்த்தால் மறுபடி மாற்றிச் சொல்லிவிடுவாள். கிணற்றின் மேல் பலகைகளை இழுத்துப் போட்டு, மண்ணைத் தள்ளி மூடினேன். என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கொஞ்ச நேரம் கேட்டது.

கிரீடம் போட்ட பலகை இப்போது ஊர் எல்லையில் நிற்கிறது. என்மேல் யாருக்கும் சந்தேகமில்லை, உங்களுக்கும்கூட. நானாகத்தான் வந்திருக்கிறேன். குற்ற உணர்ச்சி என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அவளைக் கொன்றது நான்தான். அதைத் தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பழைய ஆங்கிலத்தில் இந்த நாட்டிலேயே அவளை மிஞ்ச ஆளில்லை. அப்பேர்ப்பட்டவள் மனதார என் பக்கம் வந்தாள். அதைக் கேட்டவன் நான் ஒருவன்தான். வெளியே சொல்லாமல் இருந்தால் அது அவளுக்குச் செய்கிற துரோகம் இல்லையா?