மூலையில் என் பெயர்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான் பேக்கப் எடுப்பேன். மற்றவர்கள் அந்த நேரத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார்கள். எடுத்த படங்கள் எல்லாம் கணினியில் ஒரு நகல், வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒரு நகல், அடுத்த தெருவில் நண்பனின் மருந்துக்கடை அலமாரியில் ஒரு நகல். வீடு தீப்பிடித்தாலும் படங்கள் பிழைக்கும். நான் பிழைப்பதற்கு இன்னும் ஏற்பாடு செய்யவில்லை.

புகைப்படக்காரர் சங்கத்தில் எனக்கு 'மூணு காப்பி' என்று பட்டப்பெயர். "மூணு காப்பிக்கு ஒரு டீ சொல்லுங்கப்பா" என்பார்கள். சிரிக்கட்டும். அவர்களில் பாதிப் பேர் கல்யாணப் படங்களைத் தொலைத்துவிட்டுப் பெண்ணின் அப்பா முன்னால் திருதிருவென்று முழித்தவர்கள்.

எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான். போனும் கணினியும் இணையக் கணக்கும் தானாக ஒத்துப்போகும்படி வைத்திருப்பது பேக்கப் இல்லை. அது கண்ணாடி. இங்கே மூக்கைச் சொறிந்தால் அங்கேயும் சொறியும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்.

தம்பிக்கும் சொன்னேன். அவன் வீட்டுக்கு அந்தக் கணக்கைத் தொடங்கிக் கொடுத்ததே நான்தான். "விடுண்ணே, எல்லாம் மேல பத்திரமா இருக்கு" என்று மின்விசிறியைக் காட்டினான். நான் வாங்கிக் கொடுத்த ஹார்டு டிஸ்க்கில் சண்டைப் படங்களை ஏற்றி வைத்திருந்தான்.

அந்தக் கணக்கில் ஒரு ஃபோல்டர் அவன் மகளுடையது. பிறந்த அன்றிலிருந்து அவளைப் படம் எடுத்தவன் நான். வாளிக்குள் உட்கார்ந்தது, என் செருப்பைக் கடித்தது, ஜன்னலோரம் சிரித்தது. நல்ல முகம். வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரிந்து திரும்பும். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் சின்னதாக என் பெயர் இருக்கும். கூலிக்கு எடுத்தால் கதை வேறு. நான் கூலி வாங்கவில்லை. எனவே படம் எடுத்தவனுக்குச் சொந்தம். படத்தில் இருப்பவருக்கு இல்லை, பெற்றவருக்கும் இல்லை.

நாலு வயது நடக்கும்போது அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அந்த வாரமே எல்லாம் முடிந்துவிட்டது.

முதலாம் ஆண்டு நினைவுக்குத் தம்பி செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தான். ஜன்னலோரப் படம். மூலையை வெட்டியிருந்தான். நான் கோபப்படவில்லை. படம் எடுத்தவர் பெயரை நினைவு விளம்பரத்தில் போடக் கூடாது என்று எங்கும் சட்டமில்லை, ஒரு வரி சேர்த்திருக்கலாமே என்றுதான் கேட்டேன். வீடு நிறையச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். அவன் வேறு எப்போதும் கையில் சிக்குவதில்லை.

"நீ என்னண்ணே பெருசா செஞ்சிட்ட? பட்டனை அமுக்கின. புள்ளைய நாங்கதான பெத்தோம்?"

"மாமா, அவரு ஏதோ வருத்தத்துல பேசுறாரு. மனசுல வச்சுக்காதீங்க, சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள் தம்பி மனைவி.

சாப்பிட்டேன். மனதில் வைத்துக்கொள்ளவும் இல்லை. எனக்குக் குழந்தை இல்லை என்பதை இதோடு முடிச்சுப் போட வேண்டாம். இது காப்புரிமை சம்பந்தப்பட்டது.

மறுநாள் கணக்கைத் திறந்தேன். கடவுச்சொல் நான் வைத்தது. மாற்றச் சொல்லியிருந்தேன், மாற்றவில்லை. என் படங்களை மட்டும் எடுத்துக்கொள்வதாகத்தான் எண்ணம். ஆனால் அவர்கள் போனில் எடுத்தவையும் அதற்குள் கலந்துகிடந்தன. எதற்கும் பெயர் வைக்கும் பழக்கம் அந்த வீட்டில் கிடையாது. பிரிப்பதற்குள் பொழுது போய்விடும். ஃபோல்டரையே அழித்தேன். பிறகு குப்பைத்தொட்டியைக் காலி செய்தேன். அதை மறப்பவர்கள் கற்றுக்குட்டிகள்.

என் படங்கள் என்னிடம் இருக்கின்றன. அவர்கள் எடுத்தவற்றை நான் நகலெடுத்துக்கொள்ளவில்லை. அவை வீடியோக்கள். அவள் பாட்டு என்ற பெயரில் கத்துவது, அம்மாவை 'ஏய் அம்மா' என்று அதட்டுவது, தூக்கத்தில் சிரிப்பது. அவள் குரல் அவற்றில் மட்டும்தான் இருந்தது. நான் வீடியோ எடுப்பதில்லை. அவற்றின் உரிமை அவர்களுடையது. அடுத்தவர் எடுத்ததை அனுமதியில்லாமல் நகலெடுப்பவன் நான் இல்லை.

தம்பி மனைவி அந்த வாரம் போனில் இடமில்லை என்று வேண்டாததையெல்லாம் அழித்துக்கொண்டிருந்தாளாம். எனக்கு அது தெரியாது. ஃபோல்டரையே காணோம் என்று தம்பி கூப்பிட்டான், போனேன்.

"எப்படியாவது எடுத்துக் குடுண்ணே. நீ அன்னிக்கே சொன்ன, என் மரமண்டைல ஏறல."

இப்படி அவன் முன்பே பேசியிருக்கலாம். சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து எல்லா மென்பொருளையும் ஓட்டிப் பார்த்தேன். "இனிமே வராது" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

தம்பி அவள் பக்கம் திரும்பினான். "நல்லா தொடச்சியாடி? இப்ப இடம் இருக்கா போன்ல?"

அவள் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. கேட்டால் சொல்லியிருப்பேன்.

நான் எடுத்த படங்களைக் கேட்டான். இலவசமாகவே கொடுத்தேன். இந்த முறை பெயரை மூலையில் போடவில்லை, முகத்தின் குறுக்கே போட்டேன். வெட்ட முடியாது. கும்பிடு போட்டு வாங்கிக்கொண்டான். அவற்றில் ஒன்று இப்போது அவன் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. அவன் மட்டும்தான் அதைப் பார்க்கிறான். அவன் மனைவி பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அவனே பெட்டியைத் தூக்கிக் கொடுத்தானாம்.

அண்ணன் தம்பிக்குள் மறுபடி பேச்சு வார்த்தை இருக்கிறது. பேக்கப் பற்றி அவன் இப்போது ஒரு சொல் விடாமல் கேட்கிறான். ஒருவனாவது திருந்தினான்.

நேற்று மத்தியானம் அவள் என் ஸ்டுடியோவுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. இளைத்திருந்தாள். பின்னாலிருந்து வெளிச்சம் விழுந்ததால் முகம் சரியாகத் தெரியவில்லை.

"மாமா, உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும். அவர்கிட்ட சொல்ல வேண்டாம், எனக்கு மட்டும் சொல்லுங்க. நான்தான அழிச்சேன்?"