சகலைக்குப் போகவிருந்த பெயர்

மத்தியானத் தூக்கம் ஒருநாள்கூடக் கெடாமல் ஒரு போரை நடத்தியவன் இந்த உலகத்திலேயே நான் ஒருவன்தான். இதைச் சொன்னதும் விசாரணை அதிகாரி பேனாவை மூடிவிட்டார்.

"பெரியவரே, வீட்டுல தேடுவாங்க. டீயைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க."

டீ நன்றாகத்தான் இருந்தது. நான் கிளம்பவில்லை.

அவர் பிடித்து வைத்திருந்தது என் சகலையை. என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். அவரைப் பற்றி நான் குறையே சொல்லமாட்டேன். அவர் தும்மினால் எங்கள் மாமியார் தெருவையே கூப்பிட்டுக் காட்டுவார். நான் கிணற்றில் விழுந்தால் வாளி பத்திரமா என்று கேட்பார்.

ஓய்வு பெற்றதும் சகலை, கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் தரும் அறக்கட்டளை தொடங்கினார். ஊர் அவரைத் தெய்வமாக்கியது. ஆயுள் முழுக்கச் செருப்புக் கடை மேலாளராக இருந்த என்னைச் செயலாளர் ஆக்கினார். அதாவது, கூட்டத்துக்கு நாற்காலி போடுகிறவன்.

அப்போதுதான் ஏற்றுமதிக்காரர் ஒருவர் வந்தார். கடல் தாண்டி ஒரு முகாமில் கால் போனவர்கள் தவிக்கிறார்களாம். வசூலை அங்கே அனுப்பினால் தானும் அதே அளவு போடுவாராம். சகலை கண்கலங்கிச் சம்மதித்தார். அனுப்பும் பொறுப்பு என்னிடம் வந்தது.

பிறகு முகாமுக்குப் பூட்ஸ் வேண்டும் என்றார்கள். அளவு பார்க்கப் பழையதை அனுப்பச் சொன்னேன். வந்த ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டு அடியும் ஒன்றுபோலத் தேய்ந்திருந்தன. செயற்கைக் கால் வைத்தவன் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பான். அடியும் அப்படித்தான் தேயும். இவை ஓடி, மலையேறிப் பழகிய கால்கள்.

"தம்பி, உங்க முகாம்ல யாருக்கும் கால் போகலையே" என்றேன்.

ஏற்றுமதிக்காரர் சிரித்தார். "போகப்போறது அவங்க கால் இல்லண்ணே. பரவால்ல, கண்டுபிடிச்சிட்டீங்களே. உங்கள மாதிரி ஒரு ஆளத்தான் தேடிக்கிட்டிருந்தோம்."

என்னை அதுவரை யாரும் தேடியதில்லை. அந்த வாரம்தான் சகலைக்கு விருது கொடுத்தார்கள். மாமியார் முதல் வரிசையில் உட்கார்ந்து அழுதார். நிதானமாக யோசித்தேன். போலீஸிடம் சொன்னால், அறக்கட்டளையைக் காப்பாற்றிய புகழும் சகலைக்கே போகும். ஆகவே பணத்தையும் பூட்ஸையும் தவறாமல் அனுப்பினேன்.

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் குண்டு வெடித்தபோது தூங்கிக்கொண்டிருந்தேன். எழுந்து டிவியில் பார்த்தேன். வருத்தமாகத்தான் இருந்தது. கால் போன பிள்ளைகள் எங்களிடம்தான் வந்தார்கள். நானே உட்கார்ந்து அளவெடுத்தேன். கணக்குப் பார்க்காமல் நல்ல கால்களாகவே கொடுத்தோம்.

பிறகு பத்திரிகையில் வந்தது: சதிக்கு மூளை, என் சகலை. மூளையாம். வீட்டில் பல்பு மாற்றவே என்னைக் கூப்பிடுகிறவர். ஒரு நிரபராதி உள்ளே கிடப்பதை மனசாட்சியுள்ள எவனும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதற்காகத்தான் வந்தேன், வேறொன்றுமில்லை.

"சகலைய காப்பாத்த வந்திருக்கீங்க. பாசம், புரியுது" என்றார் அதிகாரி.

பாசம் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. "குண்டு வச்சவன் விட்டுட்டு ஓடின பூட்ஸ் உங்ககிட்ட இருக்குன்னு பேப்பர்ல போட்டிருந்தாங்களே. உள்தோலைத் தூக்கிப் பாருங்க. குதிகாலுக்குக் கீழ தக்கை வச்சுத் தச்சிருப்பேன். ரொம்ப தூரம் நடக்கிற பசங்க, பாவம், வலிக்கும்னு நானா செஞ்சது. இதெல்லாம் சகலைக்கு வருமா?"

அதிகாரி பூட்ஸ் இருந்த உறையைப் பிரித்துக் கத்தி முனையால் உள்தோலைத் தூக்கினார். தக்கை இருந்தது. மூடிய பேனாவை மறுபடி திறந்தார்.

"சகலை இல்லன்னு எழுதிக்கோங்க" என்றேன். "பத்திரிகைக்காரங்க கிட்டயும் சொல்லிடுங்க. மாமியார் காலையில முதல் வேலையா பேப்பர்தான் படிப்பாங்க."

அதிகாரி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அவரு இல்ல. நீங்கதான். எல்லாம் தெரிஞ்சே செஞ்சிருக்கீங்க."