முழுசா கொட்டின பக்கம்

கதவைச் சாத்திட்டு உட்காருங்க மாப்ள. ஆபீஸ்ல உங்களை சார்னுதான் கூப்பிடணும், தெரியும். இப்ப யாரும் இல்ல.

நம்ம ஆபீஸ் வெப்சைட்ல ஊழியர் போன் நம்பர் பக்கம் திறக்கவே மாட்டேங்குதுன்னு காலையிலேருந்து ஆளாளுக்கு என் உசுரை வாங்குறாங்க. அந்தப் பக்கத்துக்கு கோடு யார் எழுதினதுன்னு பார்த்தா, நீங்க.

மேனேஜருக்கு எதுக்கு இந்த வேலைன்னு நான் கேட்கலை. ஆனா என்ன பண்ணி வச்சிருக்கீங்க? பேரைத் தட்டினா நம்பர் காட்டணும். ஜாவாஸ்கிரிப்டுக்கு அவ்வளவுதானே வேலை? சர்வர் நிரப்புற டெம்ப்ளேட்லேருந்து பேரையும் நம்பரையும் மட்டும் கொடுத்தா போதாதா? சம்பளம், குறிப்புன்னு ஒவ்வொருத்தர் வேலை ரெக்கார்டையும் அப்படியே தூக்கி ஸ்கிரிப்டுக்குள்ள கொட்டியிருக்கீங்க. நூத்திப்பத்துப் பேர்!

திரையிலதான் தெரியலையேங்கறீங்களா? அட, சர்வர் நிரப்பி அனுப்பிடுச்சுங்க. போனது போனதுதான். ரைட் கிளிக் பண்ணி பக்கத்துக்கு அடியில இருக்குற சோர்ஸைத் திறந்தா எல்லாம் வெட்டவெளிச்சம். யார் வேணும்னாலும் படிக்கலாம். பதினோரு நாளா அப்படித்தான் கிடந்திருக்கு.

பதறாதீங்க. சரி பண்ணியாச்சு. பேரு, நம்பர், ரெண்டே ரெண்டு. இப்ப பறக்குது.

படிச்சேனாவா? ஊரார் ரெக்கார்டை உட்கார்ந்து படிக்க எனக்கு வேற வேலை இல்ல பாருங்க. என்னோடதை மட்டும் பார்த்தேன். தன் பேரைக் கண்டா கண்ணு நிக்கும்ல.

மேனேஜர் குறிப்புன்னு ஒண்ணு. வயசாயிடுச்சு, புதுசா எதுவும் ஏறாது, மாசக் கடைசியில வேலையை விட்டு அனுப்பிடலாம். கீழ உங்க பேரு. போன ஞாயித்துக்கிழமை, மத்தியானம் மூணு பத்து.

அன்னிக்கு எங்க வீட்டுலதான் சாப்பிட்டீங்க. மாமா இன்னும் பத்து வருஷம் அசைக்க முடியாத ஆளுன்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. நானும் பல்லைக் காட்டிட்டு மூணு மணிக்கு உள்ள போய்ப் படுத்துட்டேன். மூணு பத்துக்கு என் சோபாவுலதான் இருந்தீங்க, மடியில லேப்டாப்போட.

கையை விடுங்க. மன்னிப்பெல்லாம் வேணாம்.

அடிச்சுப் பிடிச்சு ஏன் சரி பண்ணினேன்னு கேட்கலையே நீங்க? காலையில சரி பண்ண உட்கார்ந்ததும் ஒரு போன், நம்ம ஆபீஸ் மாடியிலேருந்து. உங்க பொண்டாட்டி, என் பொண்ணு. பக்கம் திறக்கவே மாட்டேங்குதுப்பா, சோர்ஸை நானே பார்க்கட்டுமான்னா. பார்க்க அவளுக்கு நான்தானே சொல்லிக் கொடுத்தேன். என் ரெக்கார்டு அப்ப என் முன்னாடி திறந்து கிடக்கு, கீழ உங்க பேரோட.

நீ பார்க்காதம்மா, ஏதோ சின்னத் தப்புதான்னேன்.

நம்பிட்டா.

அவ்வளவுதான். போறப்ப கதவைத் திறந்தே வச்சுட்டுப் போங்க, சார்.