அடுப்புக்குப் பூட்டு

...எலக்ட்ரீசியன் வீட்ல கரண்டு அடுப்பு வேலை செய்யல. வெளிய சொன்னா நம்ம பாலினா ஊரே சிரிக்கும். அதான் உங்க கதவத் தட்டினேன். நீங்க குடிவந்து மொதத் தடவ பேசறேன், அதுவும் பச்சக்கோழியும் கையுமா... தட்ட இப்படி ஓவன்ல தள்ளிருங்க. வெந்ததும் எடுத்துட்டுப் போயிடறேன். என் பேரு கொன்லெத். பால் லாரி ஓட்டறேன்.

எலக்ட்ரீசியன் நான் இல்லீங்க, என் வீட்டுக்காரி கிரானியா. அவளும் இன்னும் ஆகல. அப்ரண்டிஸ். நாப்பது வயசு தாண்டி. பதினஞ்சு வருஷம் சூப்பர் மார்க்கெட்ல பில்லு போட்டவ, இப்ப வயரு இழுக்கறா.

எல்லாம் கவர்மெண்டோட கருணை. ரேடியோவத் தெறந்தாலே இதான... நாட்ல கைவேலைக்கு ஆள் இல்ல, வாங்க, வாங்க, கத்துக்கிட்டே சம்பளம் வாங்குங்கன்னு. பொம்பளைய சேர்த்துக்கிட்டா மொதலாளிக்குத் தனியாப் பணம் வேற. லாரி ஓட்றவனுக்கு ஒரு டீத்தண்ணி கூட கெடையாது, அது வேற விஷயம்.

அன்னைக்கு சாப்பிடும்போது இந்த விளம்பரம் வந்துச்சு. நான் சும்மா இருந்திருக்கலாம். "நீ போயேன், பல்பு மாட்டத் தெரியாதவளத்தான் தேடறாங்களாம்"னேன். தமாஷுக்குத்தாங்க. அவ சிரிச்சா. உருளைக்கெழங்க எனக்கு வச்சா. மறு வாரம் எலக்ட்ரிக் கான்ட்ராக்டர் ஹெஃபர்னன்கிட்ட வேலைக்குச் சேந்துட்டா.

பொறவு என்ன. இப்ப ஸ்லைகோ ஊர்ல தங்கிப் பாடம். ஞாயித்துக்கெழம ராத்திரி போனா வெள்ளிக்கெழம வருவா. பாடத்துக்கு உக்கார்றதுக்கும் கவர்மெண்டு காசு. நான் இங்க டோஸ்ட்டத் தின்னுட்டு உக்காந்திருக்கேன், அதுக்கு ஒரு திட்டமும் இல்ல.

வீட்டுக்கு வந்தாலும் நிம்மதியா? இந்த சுவிட்சு தப்பு, அந்த வயரு பழசு, யாரு மாட்டினது இது... நான்தான் மாட்டினேன். நம்ம வீட்ட நாமதான பாத்துக்கணும்?

கரண்டா... மத்ததுக்கெல்லாம் இருக்குங்க. அடுப்புக்கு மட்டும் இல்ல. ஃபியூஸ் பெட்டில அடுப்போட பிரேக்கர் சுவிட்சுக்கு ஒரு செவப்புப் பூட்டுப் போட்டுட்டா. வேலைக்குப் போற எடத்துல போடுவாங்களாம், யாரும் தெரியாம ஆன் பண்ணிடக் கூடாதுன்னு. சாவி அவகூட ஸ்லைகோவுல.

ஏன்னா கேக்கறீங்க?

...அடுப்பு போன வாரமே மக்கர் பண்ணுச்சு. அவகிட்ட சொல்லலாம். சொல்லியிருக்கலாம். நான் வீடியோ பாத்தேன். ஞாயித்துக்கெழம அவ குளிக்கப் போனா, நான் அடுப்புக்குப் பின்னாடி மூடியக் கழட்டினேன். மெயின அணைச்சேன்னுதான் நெனச்சேன். வேற எதையோ அணைச்சிருக்கேன்.

ஷாக் அடிச்சதுல அந்தப் பக்கம் போய் விழுந்தேன். கண்ணத் தொறந்தா, ஈரத் தலையோட அவ பக்கத்துல உக்காந்திருக்கா. என் கையத் திருப்பித் திருப்பிப் பாக்கறா. ஆஸ்பத்திரில காட்டிட்டுக் கூட்டிட்டு வந்தா. திட்டியிருந்தா எனக்குப் பழக்கம். பூட்ட எடுத்து மாட்டினா, பைய எடுத்தா. வாசல்ல நின்னு, "கொன்லெத், நான் திரும்பி வரும்போது நீ இருக்கணும்"னா. அவ்ளோதான்.

...

மணக்குது பாருங்க. எரிய விட்டுடாதீங்க.

ஏங்க, உங்க கூடத்து வெளக்கு என்ன இப்படி கண்ணு சிமிட்டுது? வந்ததுலருந்தா? ஸ்டூல ஏன் இழுக்கறீங்க? கீழ எறங்குங்க. எறங்குங்கன்றேன். சுவிட்ச அணைங்க, அப்படியே விடுங்க, வெள்ளிக்கெழம வரைக்கும் தொடாதீங்க. கிரானியாவக் கூட்டிட்டு வரேன். தனியாத் தொடமாட்டா, சட்டம் பேசுவா, ஹெஃபர்னனையும் இழுத்துட்டு வருவா. அப்ரண்டிஸ்தானன்னு நெனக்காதீங்க. ஸ்லைகோ க்ளாஸ்ல அவதான் மொதல் மார்க்கு... நானா சொல்லல, ஹெஃபர்னன் சொன்னான்.

ஏணிய நான் புடிச்சுக்கறேன். அதுக்குக் கவர்மெண்டுல ஏதாவது குடுப்பாங்களான்னு கேக்கணும்.