தங்கமணி என்று கூப்பிட்டார்

கடலோர வீட்டில் துருப்பிடிக்காத சாமான் எதுவும் இல்லை. பின்கதவுத் தாழ்ப்பாளும் துருப்பிடித்துத் தானாக இறங்கிக் கதவு திறந்திருக்கும் என்று நீங்களே சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர். நல்ல மனசு உங்களுக்கு. ஆனால் அந்தத் தாழ்ப்பாளுக்கு நான் வாராவாரம் எண்ணெய் போடுவேன்.

எங்கள் வீடு ஜெஞ்சாரோம் ஊரைத் தாண்டி, ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது. பாதி தரையில், பாதி தண்ணீருக்கு மேல் நிற்கும் பலகை வீடு. பின்கதவைத் திறந்தால் நாலே எட்டில் படகுத்துறை. என் கணவர் தம்புசாமி கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் இங்கே குடிவந்தோம். நான் கேட்டு வரவில்லை; அவர் என்னை எதுவும் கேட்டதில்லை. அடித்ததில்லை, திட்டியதுமில்லை. வைத்ததைச் சாப்பிடுவார். என்னோடு பேச அவருக்கு ஒன்றும் இருந்ததில்லை, அவ்வளவுதான்.

மூன்று வருடத்துக்கு முன் அவருக்கு மறதி நோய் வந்தது. தண்ணீர் ஏறும் நேரம் பார்த்துப் படகுத்துறைக்குப் போக ஆரம்பித்தார். பக்கத்து வீட்டுப் பாலன்தான் கதவின் உச்சியில் தாழ்ப்பாள் அடித்துக் கொடுத்தார்.

"அங்கிளுக்குக் கை மேல போகாது, ஆன்டி. இது எட்டாது லா. மறக்காம போட்டு வைங்க."

ஒரு நாளும் மறக்கவில்லை.

போன தீபாவளிக்குப் பிறகு அவர் என்னைத் தங்கமணி என்று கூப்பிட்டார். எனக்கு அந்தப் பெயர் தெரியும். எங்கள் கல்யாணத்துக்கு முன் அவர் கட்டிக்கொள்ள நினைத்த பெண். மாமனார் விடவில்லை. அவள் செத்துப் பத்து வருடமாகிறது.

முதல் நாள், "நான் சீதாலெட்சுமி," என்று திருத்தினேன். முகம் வாடி, சோற்றைத் தள்ளி வைத்துவிட்டார். மறுநாள் "ம்" என்றேன்.

"வெயில்ல நிக்காத, தங்கமணி. தலை வலிக்கும்," என்றார்.

முப்பத்தெட்டு வருடத்தில் என் தலைவலியைப் பற்றி அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

எட்டு மாதம் தங்கமணியாக இருந்தேன். மீனை முள் எடுத்து என் தட்டில் வைப்பார். சந்தோஷமாக இருந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த வியாழக்கிழமை காலை பத்தரைக்குத் தண்ணீர் நன்றாக ஏறியிருந்தது. அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பின்கதவருகே நின்றார்.

"தங்கமணி, படகு வந்துருச்சு. வா, போயிரலாம்."

"எங்க?"

"எங்கயாவது. வீட்டுல ஒருத்தி இருக்காளே, அவகூட இனிமே இருக்க முடியாது."

"அவ என்ன செஞ்சா?"

கொஞ்சம் யோசித்தார். "ஒன்னும் செய்யல. பாத்தாலே புடிக்கல."

குரலில் கோபம் இல்லை. உப்புக் குறைவு என்று சொல்வது போலச் சொன்னார்.

நான் தாழ்ப்பாளை இறக்கிக் கதவைத் திறந்தேன். துறையில் படகு எதுவும் இல்லை. பாலன் தன் படகை எடுத்துக்கொண்டு விடிகாலையிலேயே மீன்பிடிக்கப் போயிருந்தார்.

"நீங்க முதல்ல ஏறுங்க. நான் பின்னால வரேன்," என்றேன்.

சிரித்துக்கொண்டே நடந்தார். கடைசிப் பலகையில் நின்று திரும்பிப் பார்த்தார். தலையாட்டினேன். அவர் காலை எடுத்து வைத்த பிறகு கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். மதியச் சமையலுக்கு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன்.

அவர் கூப்பிட்டது காதில் விழுந்தது. இரண்டு தடவை. இரண்டு தடவையும் தங்கமணியைத்தான் கூப்பிட்டார். என்னைக் கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன்.